பள்ளி மூடியிருந்த பத்தொன்பது மாதங்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

 

இந்த 2025-26 கல்வியாண்டுக்கான உதவித்தொகை விண்ணப்பங்களை வாங்கும்போது ஒரு சிறிய மாற்றம் செய்தோம். படிவத்தை அத்தாவோ அம்மாவோ நிரப்பிக் கொண்டுவரக் கூடாது, படிக்கிற பிள்ளையே எங்கள் முன்னால் உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்றோம். கையெழுத்தைப் பார்க்கலாம், இரண்டு வார்த்தை பேசலாம் என்பதுதான் எண்ணம். வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் வந்தான். "குடும்ப ஆண்டு வருமானம்" என்ற ஒரு வரியை மூன்று தடவை எழுத்துக் கூட்டினான். பிறகு பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கூட வந்திருந்த அவனுடைய அத்தா, "இவனுக்குப் படிப்பு ஏறலண்ணே. பத்தாவது ஆனதும் ஏதாவது பட்டறையில சேத்து விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. படிவத்தை நாங்களே நிரப்பி அனுப்பினோம்.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இப்போது பத்தாவதில் இருக்கும் பிள்ளை 2020 மார்ச்சில் நான்காம் வகுப்பில் இருந்திருப்பான். அந்த மாதம் 17-ஆம் தேதி முதல் பள்ளிகள் மூடப்பட்டன. 24-ஆம் தேதி மாலை 144 தடை உத்தரவு வந்தது, மறுநாள் முதல் நாடு முழுக்க ஊரடங்கு. ஒன்று முதல் ஒன்பது வரை எல்லாரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. 2021 ஜனவரி 19-இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும், பிப்ரவரி 8-இல் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கும் பள்ளி திறந்து, மார்ச்சில் மறுபடி மூடி, செப்டம்பர் 1-இல் மறுபடி திறந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்று முதல் எட்டு வரை, பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். பத்தொன்பது மாதங்களுக்கு மேல். நான்காம் வகுப்பில் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அந்தப் பையன், மறுபடி பள்ளிக்குப் போனபோது ஆறாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று அவன் வாழ்க்கையில் இல்லவே இல்லை. நான்காம் வகுப்பின் கடைசிப் பாடங்களும் இல்லை, ஆறாம் வகுப்பின் முதல் பாதியும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புரியாத பாடத்தின் மேல் இன்னொரு புரியாத பாடம் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத்தான் நாம் "படிப்பு ஏறல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதே நாளில், அதே பத்தாம் வகுப்பில், அதே பள்ளியில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையும் வந்தாள். ஐந்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பினாள். எங்கள் படிவத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது என்றும் சொன்னாள். (இருந்தது. அடுத்த அச்சில் திருத்திவிடுகிறோம்.) இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இரண்டு தெருதான். வசதியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவளுடைய அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அப்படியானால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றியது. கேட்டோம். பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு அந்தச் சகோதரி சொன்னதைத்தான் கீழே எழுதுகிறோம்.

அவருடைய கணவர் மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். 2020 மார்ச் 18 முதல் அங்கேயும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. கடையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, சம்பளம் பாதியானது, சில மாதம் அதுவும் வரவில்லை. வரவும் முடியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள். பெரியவன் அப்போது ஏழாவது, நடுவிலுள்ள பெண் நான்காவது, கடைக்குட்டி ஒன்றாவது. கூடவே வயதான நன்னி. ஒரே ஒரு கைபேசி.

முதல் மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறைக் கொண்டாட்டமாகவே போனதாம். ஏப்ரல் 25-இல் நோன்பு வந்தது. பள்ளிவாசல் பூட்டியிருந்தது. தராவீஹை வீட்டிலேயே தொழுதோம், நோன்புக் கஞ்சி அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம், எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் ஊர் என்றாலே வெளியூரார் நினைக்கும் மாதா கோயிலிலும் அந்த ஈஸ்டருக்குக் கூட்டம் இல்லை. மக்தபும் மூடியாகிவிட்டது. ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக சபக் அனுப்புவார். பிள்ளை அதைக் கேட்டு ஓதிப் பழகி, திருப்பி அனுப்ப வேண்டும். இங்கேதான் அந்தச் சகோதரிக்கு வழி கிடைத்திருக்கிறது. "ஹஜ்ரத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கேட்டுடுவேன். ஓதுறதக் கேக்குறோமே, பள்ளிக்கூடப் புஸ்தகத்தையும் இப்படியே கேட்டா என்னன்னு தோணுச்சு" என்றார்.

ஜூலையில் புதுப் பாடப் புத்தகங்கள் வந்த பிறகு அவருடைய நாள் ஏறக்குறைய இப்படி இருந்தது.

சுபுஹுக்கு எழுந்து தொழுதுவிட்டு, ஆடுகளுக்குத் தழை போட்டுவிட்டு, பிள்ளைகளை எழுப்புவார். திண்ணையில் உட்கார்ந்து ஓத வேண்டும். முதலில் நேற்றைய பாடம், பிறகு புதுப் பாடம், கடைசியில் பழைய பாடத்திலிருந்து ஏதாவது கொஞ்சம். ஒன்பது மணிக்குக் கைபேசி பெரியவன் கைக்குப் போகும். ஆசிரியர்கள் குழுவில் அனுப்பும் காணொளிகளைப் பார்த்து எழுத வேண்டும். நடுப் பெண்ணுக்குக் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் அரசு தொடங்கிய இந்த அலைவரிசையில் ஊரடங்கின்போது வகுப்புவாரியாகப் பாடம் ஒளிபரப்பினார்கள். அவள் வகுப்பு வரும் நேரத்தில் மின்சாரம் இருந்தால் பார்ப்பாள். கடைக்குட்டிக்கு எதுவும் கிடையாது. அவன் ஆட்டோடு ஆடாகத் திரிவான்.

பதினொரு மணிக்கு மேல் அடுப்படிதான் வகுப்பறை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பெண் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அம்மா புத்தகத்தைப் பார்ப்பதில்லை. காதால் கேட்பார். "அவ வாசிக்கிறது எனக்குப் புரியலைன்னா அவ சரியா வாசிக்கலைன்னு அர்த்தம். திரும்ப வாசின்னு சொல்லுவேன்" என்றார். எட்டாம் வகுப்புப் படிப்புக்கு இதைவிட நல்ல பரீட்சை முறையை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. கடைக்குட்டி, அரிசி பரப்பிய முறத்தில் விரலால் எழுத்து எழுதுவான். பிழையானால் முறத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும். கணக்குக்குக் கடை நோட்டு. மளிகை என்ன விலை, எத்தனை கிலோ, கடன் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பெண்தான் கூட்டிச் சொல்ல வேண்டும். "அந்த வருஷம் கூட்டலுக்குக் குறைச்சலே இல்ல, எல்லாம் கடன் கணக்கு" என்று சிரித்தார்.

இங்கிலீஷ் அவருக்கு வராது. அதைப் பெரியவனிடம் விட்டார். பெரியவன் தங்கைக்கு, தங்கை தம்பிக்கு. மக்தபில் ஜுஸ்வு முடித்த பிள்ளை, காயிதா ஓதும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோமே, அதே வழக்கம்.

இரண்டு மணிக்கு மலேசியாவிலிருந்து அழைப்பு வரும். அங்கே அப்போது நாலரை மணி, மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். பெண் அத்தாவுக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டுவாள். அவர் "மாஷா அல்லாஹ்" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு "மாஷா அல்லாஹ்"வுக்காக மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்தப் பத்தியை நான்கு முறை வாசித்துப் பழகிக்கொள்வாளாம்.

பிற்பகலைப் பற்றி அந்தச் சகோதரி மறைக்காமல் சொன்னார். வெயில், சண்டை, கைபேசிக்காக இழுபறி, காசுக்கவலை. கத்தியிருக்கிறார், கையிலிருந்த கரண்டியால் அடித்திருக்கிறார், பிறகு உட்கார்ந்து அழுதிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் எதுவும் நடக்காமல் போய்விடும். தினமும் தவறாமல் சொல்லிக் கொடுத்தோம் என்று எழுதிவிடாதீர்கள், பொய்யாகிவிடும் என்றார். எழுதவில்லை.

மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மட்டும் முடிந்தவரை விடுவதில்லை. பாய் விரித்து எல்லாரும் உட்கார வேண்டும், நன்னி உட்பட. நன்னிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான். ஆனால் குர்ஆன் சரளமாக ஓதுவார், அதோடு அரபுத் தமிழும் வாசிப்பார். அரபு எழுத்துகளோடு நம் மொழியின் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைச் சேர்த்துத் தமிழையே எழுதுகிற முறை அது. நம் பாட்டிமார் தொழுகை, நோன்புச் சட்டங்களை எல்லாம் வீட்டில் இருந்தபடியே அதில்தான் படித்தார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் சையிது முகம்மது ஆலிம் (1816-1898) போன்றவர்கள் அந்த எழுத்தில் நூல்கள் எழுதியதே சாதாரண வீட்டு ஆண்களும் பெண்களும் படிக்கட்டும் என்றுதான். பள்ளிக்கூடமே பார்க்காத பெண்கள் வீட்டிலேயே படித்தது நமக்கு ஊரடங்கு காலத்தில் வந்த புது வழக்கம் அல்ல. பேத்தி தமிழ் வாசிக்க, நன்னி கேட்டுக்கொண்டிருந்து, "இந்த எடத்துல மூச்சு விட்டுட்டே, திரும்ப வாசி" என்பாராம், குர்ஆன் ஓதும்போது சொல்வது போலவே.

பெரியவனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டிலேயே கைபேசி அதிக நேரம் இருந்தது அவனிடம்தான். பாடம் பார்த்தது பாதி, பப்ஜி பாதி. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்ததும் ஃப்ரீ ஃபயருக்கு மாறிவிட்டான். பத்தாவதில் கணக்கில் தவறி, துணைத் தேர்வு எழுதி, இப்போது ஐ.டி.ஐ.யில் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். "போன் வச்சிருந்தவன்தான் கொறைச்சலாப் படிச்சான்" என்றார் அவர்.

முதலில் சொன்ன பையன் வீட்டுக்கு வருவோம். அவன் அத்தாவுக்கு மாத்தூர்ப் பக்கம் கம்பெனி வேலை. ஊரடங்கில் போய்விட்டது. பிறகு லோடு ஏற்றும் வேலை, கிடைத்த நாளில். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார். காலையில் போனால் சாயங்காலம்தான். அந்த வீட்டில் பிள்ளை வாசிப்பதை உட்கார்ந்து கேட்க யாருமில்லை. மலேசியாப் பணம் நின்றபோதும் முதல் வீட்டில் ஒரு தாயும் ஒரு நன்னியும் பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார்கள். இரண்டாவது வீட்டில் இல்லை. அந்தப் பெற்றோர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. குறை சொல்ல வேண்டுமானால் முதலில் எங்களைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ரமளானில் வந்த ஜகாத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்கு என்று ஒதுக்கினோம். என்ன செய்வது என்று கூடிப் பேசியபோது, ஆன்லைன் வகுப்பு நடக்கிறதே, கைபேசி இல்லாத வீடுகளுக்குக் கைபேசி வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவானது. இதில் மார்க்கச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. நாம் பின்பற்றும் ஹனபி மத்ஹபின்படி ஜகாத் பொருளைத் தகுதியுள்ள ஏழையின் கையில் உரிமையாக ஒப்படைத்தாக வேண்டும். இதைத் தம்லீக் என்பார்கள். கட்டடம் கட்டவோ ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவோ ஜகாத்தைச் செலவழிக்க முடியாது. கைபேசியைக் கையில் கொடுத்தால் ஜகாத் நிறைவேறிவிடும். ஆகவே அது எங்களுக்கு லேசாக இருந்தது. படம் எடுத்துப் பிரசுரத்திலும் போட்டோம்.

அந்தக் கைபேசிகளில் ஒன்று முதலில் சொன்ன பையன் வீட்டுக்குப் போனது.

லில்லாஹ், ஸதகா நிதி தனியாக இருந்தது. அதிலிருந்து நம் தெருக்களிலேயே படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இருவர், மூவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து, தாய் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளை நாலு நாலு பேராகத் திண்ணையில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். தொற்று பயம் இருந்தது உண்மைதான், ஆனாலும் ஊரடங்கு தளர்ந்த மாதங்கள் நடுவில் இருந்தன. அந்த யோசனை எங்களில் யாருக்கும் வரவில்லை. 2021-இல் இரண்டாவது அலை ஓய்ந்த பிறகுதான் ஓர் ஆலிமாவையும் ஒரு பட்டதாரிப் பெண்ணையும் வைத்துச் சிறிய அளவில் தொடங்கினோம். அதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல என்று பிறகு தெரிந்தது. ஏசர் என்ற கணக்கெடுப்பு, தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஒருவர் ஒருவராக வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022-இல் ஐந்துக்கும் குறைவு. முன்னாலும் பெருமைப்படும்படி இல்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

இன்னோர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரிசியோ ரொமெரோ என்ற பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2019-இல் அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்ற கணக்கு அவர்கள் கையில் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் 2021 டிசம்பரில் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே அதிக இழப்பு. இதுவரை நாம் எதிர்பார்த்ததுதான். அடுத்து அவர்கள் கண்டதுதான் முக்கியம். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு "இல்லம் தேடிக் கல்வி"யால் வந்தது என்கிறார்கள். அதில் அதிகம் பயன் பெற்றதும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். நாங்கள் வைத்திருந்த பட்டதாரிப் பெண்ணும் அதில் சேர்ந்தார். வாசலில் பாய் விரித்துத்தான் நடத்தினார். யோசித்துப் பார்த்தால், அரசு அத்தனை பெரிய அளவில் செய்ததும் அந்தச் சகோதரி அடுப்படியில் செய்ததும் ஒரே வேலைதான். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் கொஞ்ச நேரம் ஒரு பெரியவர் முன்னால் வாசிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும்.

2022 ஜூனில் வந்த "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இது மக்தபில் படித்த நமக்குப் புதிதாகவே தோன்றாது. எங்கள் சிறுவயதில் ஹஜ்ரத்துக்கு எதிரே முப்பது பேர் உட்கார்ந்திருப்போம், முப்பது பேருக்கும் முப்பது சபக். பக்கத்தில் இருப்பவன் யாஸீனில் இருப்பான், நாம் அலிஃப், பேயில் இருப்போம். வெட்கம் கிடையாது. நேற்றைய சபக் சரியாக வராதவனுக்கு இன்று புது சபக் கிடையாது, எத்தனை நாளானாலும். வயது ஏறுகிறது என்பதற்காக அடுத்த பாராவுக்குத் தூக்கிப் போட மாட்டார் ஹஜ்ரத். மக்தபின் கம்பைப் பற்றி நமக்கு வேறு அபிப்பிராயம் இருக்கலாம், எங்களுக்கும் இருக்கிறது. இந்த முறையில் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முதல் வஹீயே ஓதச் சொல்லித்தான் இறங்கியது என்று எல்லா பயானிலும் கேட்கிறோம். பிள்ளை ஓதும்போது எதிரே உட்கார்ந்து கேட்பவரைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்று கேட்பவர்களுக்கு: முதலில் உங்கள் வீட்டுப் பிள்ளையின் நிலையை நீங்களே பாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் காதால் கேட்டே கதை புரிந்தால் சரி. எழுத்துக் கூட்டினால், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பத்தி. அதுவும் வராவிட்டால் தனிச் சொற்கள். அதுவும் இல்லாவிட்டால் எழுத்துகள். எங்கே தடுமாறுகிறதோ அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும், பிள்ளை எட்டாவது படித்தாலும் பத்தாவது படித்தாலும். தம்பி தங்கைகள் முன்னால் வைத்துச் செய்யாதீர்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வாங்குவது எவ்வளவு அவமானம் என்பதை அன்று அந்தப் பையனின் முகத்தில் பார்த்தோம்.

பிறகு தினமும் அரை மணி நேரம். நேற்றுப் படித்தது, இன்று புதிதாக அரைப் பக்கம், பழையதில் கொஞ்சம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நன்னிக்குத் தெரியவில்லையா என்ன? புரியாத இடத்தில் "திரும்ப வாசி" என்று சொல்லத் தெரிந்தால் போதும். கணக்கு அப்படி வராது, அதற்குத் தெரிந்தவர் வேண்டும். அதற்கு நாங்கள் ஆள் ஏற்பாடு செய்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரடங்கு நேரத்தில் கல்யாணச் செலவு குறையும் என்று, படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு நிக்காஹ் பேசிய வீடுகள் உண்டு. ஜமாஅத்தில் தலையிட்டுச் சிலதை நிறுத்தினோம், ஒன்று எங்கள் கவனத்துக்கு வராமலே வெளியூரில் வைத்து முடிந்துவிட்டது. பதினெட்டு வயது நிறையாமல் கல்யாணம் சட்டப்படி குற்றம். இப்போதும், "படிப்பு ஏறல" என்று பேச்சு எழும் வீட்டில்தான் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் சீக்கிரம் எழுகிறது. தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள், அல்லது 1098-க்கு அழையுங்கள். பள்ளிச் சேர்க்கை, இடைநிற்றல் பற்றிய கேள்விகளுக்குக் கல்வித் துறையின் 14417 எண் இருக்கிறது.

அறக்கட்டளையின் ஏற்பாடு இதுதான். மதரஸா கட்டடத்தில் வெள்ளி தவிர மற்ற நாட்களில் பெண் பிள்ளைகளுக்கு அஸர் முதல் மஃரிப் வரை, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வசதியாக. ஆண் பிள்ளைகளுக்கு மஃரிப் முதல் இஷா வரை. கேட்பதற்கு நம் தெருப் பெண்கள் நால்வரும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஊக்கத்தொகை முழுவதும் லில்லாஹ் நிதியிலிருந்து. இதற்கென்று கொடுக்க விரும்புபவர்கள் ஜகாத்தோடு கலக்காமல் தனியாகச் சொல்லிக் கொடுக்கவும், ரசீதில் அப்படியே எழுதித் தருகிறோம். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ, இந்து வீட்டுப் பிள்ளைகள் வந்தாலும் உட்காரலாம், அவர்களும் அதே பத்தொன்பது மாதம் வீட்டில் இருந்தவர்கள்தான்.

படிவத்தின் முன்னால் தலை குனிந்த அந்தப் பையன் இப்போது வருகிறான். அவனுடைய அத்தாவைப் போய்ப் பார்த்தோம். பட்டறையில் சேர்ப்பதை மார்ச் தேர்வு முடியும் வரை தள்ளி வைக்கிறேன் என்றிருக்கிறார். அவன் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒன்பது நாளில் முடித்துவிட்டான், மூன்றாம் வகுப்பில் மெதுவாகப் போகிறான். அவன் வாசிப்பதைக் கேட்பவர்களில் ஒருவர், மேலே சொன்ன அந்தச் சகோதரி. வீட்டில் வேலை முடிந்து வருகிறார், சில நாள் வெங்காயத்தையும் கூடையோடு கொண்டு வந்துவிடுகிறார்.

பிள்ளைகளை அனுப்பும்போது வீட்டில் ஒன்று, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் பழையது கிடந்தால் கொடுத்தனுப்பவும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. எங்களிடம் இருப்பவை போதவில்லை.

வஸ்ஸலாம்.
செயலாளர்